மூல ஓலை

பத்தே நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையை இன்னொரு கையால் பிசைந்துகொண்டே, "கை வலிக்குது மாமா. அரைப் பக்கம்கூட வரல" என்றாள்.

என் அக்கா மகள். வயது 32. விருத்தாசலத்தில் வேதியியல் இளங்கலை முடித்தது 2013-ல். அதன் பிறகு 11 வருடம் சின்னசேலம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் வேலை. கிழங்கு லாரி வந்து நின்றால் அதில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறவள் அவள்தான். இப்போது ஜெர்மனியில் உணவு அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். அதற்குள் 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றுமாக இரண்டு எழுதித் தர வேண்டும். தாளில் எழுதும் தேர்வைத்தான் எடுத்திருந்தாள். திருநாவலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மேஜைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் பழகுவாள்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கை வலிக்கிறது என்று சொன்ன மாணவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் சொன்னபோது எனக்கு வேறொரு இடத்தில் வலித்தது. 2013-ல் அவளுடைய அப்பா காலமான மாதத்தில், "தம்பி பிளஸ் டூ முடிக்கட்டும்மா, அப்புறம் நீ மேல படிக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். அக்காவின் குடும்பம் நிற்க வேண்டுமே என்ற கவலையில் சொன்னேன். அவளும் மறு பேச்சுப் பேசவில்லை. தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணமும் ஆயிற்று. நான் சொன்ன 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை. அதை அவளாகவே போய் அழைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பல வருடம் கழித்துப் படிக்கப் போகிறவருக்கு முதலில் பாடம் கனப்பதில்லை, காகிதம்தான் கனக்கிறது. பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். மதிப்பெண் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனிக்குப் போவதென்றால், புதுடெல்லியில் இருக்கும் ஏ.பி.எஸ். மையம் அவர்களுடைய சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர வேண்டும் என்பது 2022 நவம்பர் முதல் கட்டாயமாகிவிட்டது. ஒரு வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட் என்கிற முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக அக்கா தன் முக்கால் காணி நிலத்தின் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போனாள். பரிந்துரைக் கடிதம் கேட்டு, ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் வீட்டுக்கு இவள் போனாள். பெயரைச் சொன்னபோது அவருக்கு நினைவு வரவில்லை. ஆய்வகத்தில் எந்த மேஜை, யார் யாரோடு நின்று செய்முறை செய்தாள் என்றெல்லாம் சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தது.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அவளைச் சாய்த்தது ஒரே ஒரு சொல். விண்ணப்பத்துக்கு வழிகாட்டுகிற ஓர் அலுவலகத்தில் அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், "எல்லாம் சரிங்க, இந்தப் பதினோரு வருஷ கேப்புக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "பதினோரு வருஷம் சும்மா இருந்த மாதிரி கேக்கறாங்க மாமா" என்றாள். விடியற்காலை உளுந்தூர்பேட்டையில் பஸ் பிடித்து, பொழுது சாய்ந்து வீடு திரும்பியவளின் 11 வருடம், ஒரு தாளில் வெற்றிடம் ஆகிவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்க் கதை ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

திருநாவலூர், தேவாரம் பாடிய சுந்தரர் பிறந்த ஊர். நாவல் மரம்தான் பக்தஜனேஸ்வரர் கோயிலின் தலமரம். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளையை, திருமுனைப்பாடியை ஆண்ட நரசிங்க முனையரையர் தன் மகனைப் போல வளர்த்தார். பிள்ளைக்குக் கல்யாணம் கூடிவந்தது. புத்தூரில் பந்தலுக்குள் எல்லாரும் கூடியிருக்கும்போது ஒரு கிழவர் வந்து நிற்கிறார். கையில் ஓர் ஓலை. "உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த ஓலை இது. நீயும் உன் வழியினரும் எனக்கு அடிமை" என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசையவில்லை. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. கிழவர் வென்றார். வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு, என்ன பாடுவேன், எனக்கு ஒன்றும் தெரியாதே என்று சுந்தரர் தவிக்கிறார். என்னைப் பித்தன் என்று ஏசினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்று பதில் வருகிறது. ஏழாம் திருமுறையின் முதல் சொல்லான 'பித்தா' அப்படித்தான் வந்தது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. உற்சவத்தில் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கு நானே சொல்லியும் இருக்கிறேன். படி ஓலை, மூல ஓலை என்ற இரண்டு சொற்கள் என்னை நிறுத்திவைத்தது அன்றைக்குத்தான். மறுநாள் அவளிடம் சுந்தரர் கதையைச் சொல்லவில்லை. வேறொரு கதை சொன்னேன். அது கணக்கு வாத்தியார் சொல்லக்கூடிய கதை. அதுவும் எங்கள் பக்கத்தில் நடந்ததுதான்.

1910-ல் ஓர் இளைஞர் கும்பகோணத்திலிருந்து கிளம்பி, விழுப்புரத்தில் ரயில் மாறி, திருக்கோவிலூரில் வந்து இறங்கினார். திருக்கோவிலூர் இப்போது எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது தென்னார்க்காடு ஜில்லா. வந்தவர் வேலை தேடி வந்தவர். வயது 22. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1907-ல் எஃப்.ஏ. தேர்விலும் தவறியவர். அதோடு கல்லூரிப் படிப்பு முடிந்துபோயிற்று. கையில் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. அவர் சீனிவாச ராமானுஜன்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தன் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று கேட்டு வந்த இளைஞரின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். அதில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த மனிதரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து மூச்சுமுட்ட விடக் கூடாது என்று முடிவு செய்தார். வேலை கொடுக்கவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நல்ல மனதோடு கொடுக்காமல் விட்ட வேலை அது.

இரண்டு வருடத்தில், 1912 மார்ச் முதல் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு ராமானுஜன் குமாஸ்தா ஆகிவிட்டார். அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உலகம் முழுக்க அந்தக் கடிதத்தின் சூத்திரங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதன் முதல் வரிகள்தான் முக்கியம். தேற்றத்தில் அவர் தொடங்கவில்லை. துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருடச் சம்பளம் 20 பவுன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கிடைத்த நேரத்தில் கணக்குப் போட்டுவருகிறேன் என்று தொடங்கினார். மற்றவர்கள் மறைக்க நினைப்பதை அவர் முதலில் எடுத்து வைத்தார்.

1914 தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் சென்னைக்கு வந்து அவரை அழைத்தார். அப்போது எழுந்த கவலைகளைப் பாருங்கள். பணத்துக்கு என்ன வழி? என் ஆங்கிலம் போதுமா? அங்கே போய்த் தேர்வு எழுதச் சொல்வார்களா? மரக்கறி மட்டும் சாப்பிட்டு அங்கே எப்படி இருப்பது? 110 வருடம் கழித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விகளும் கிட்டத்தட்ட இவையேதான். பணத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. மற்றவற்றுக்கு ஆறுதல் சொன்னார்கள். கோட்டும் காலணியும் போட்டுப் பழக்கினார்கள். முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். குடுமியை எடுத்தார்கள். அந்தக் கோலத்தை அம்மாவும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார் ராமானுஜன். மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் கிளம்பியது. கல்லூரியை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. வயது 26.

கேம்பிரிட்ஜில் அவர் போய்ச் சேர்ந்தபோது ஹார்டி ஒன்றைக் கண்டார். இவருக்குத் தெரிந்தவை எவ்வளவு ஆழமோ, தெரியாதவையும் அவ்வளவு திகைக்க வைத்தன. ஒரு கல்லூரி மாணவனுக்கு வகுப்பறையில் சாதாரணமாகக் கிடைப்பது இவருக்குக் கிடைத்திருக்கவில்லை. எது நிரூபணம் என்பதே தெளிவாக இல்லை. அதற்காக அடியிலிருந்து பாடம் நடத்தினால் அவருக்குள் இருக்கிற ஊற்று அடைபட்டுவிடும் என்று ஹார்டி பயந்தார். தேவையானதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். தான் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதுதான் அதிகம் என்று பின்னாளில் எழுதினார். எஃப்.ஏ. தேறாத மனிதருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ், ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது.

சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அவரு ராமானுஜன் மாமா. நான் யாரு?"

நியாயமான கேள்வி. மேதையின் கதையைச் சொல்லி மனிதர்களைத் தேற்றக் கூடாது என்று அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். பதில் தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "சரி, இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டேன். மறந்த பாடங்களையும் அவள் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பழைய இயற்பியல் புத்தகத்தில் ஒப்படர்த்தி. காற்றில் எடை, நீரில் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதைக் கொண்டு காற்றில் உள்ள எடையை வகுத்தல். "சூத்திரம் மறந்துபோச்சு, மனசில நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

"ஆலையில கிழங்குக்கு பாயிண்ட் எப்படிப் பாக்கறீங்க?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

மரவள்ளிக்கு எங்கள் பக்கத்தில் விலை பேசுவது பாயிண்ட் கணக்கில். எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறதோ அதற்குத் தக்க விலை. அவள் சொல்லத் தொடங்கினாள். லாரியின் மேலேயிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் கிழங்கு எடுக்க வேண்டும். மண் இருந்தால் எடை பொய் சொல்லும், அதனால் சுத்தமாகக் கழுவ வேண்டும். 5 கிலோ நிறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பிக் கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி இறக்கி, கூடை தொட்டியில் இடிக்காமல் நிறுத்து, முள் அடங்கும்வரை காத்திருந்து இன்னோர் எடை எடுக்க வேண்டும். வெளியே 5 கிலோ இருந்த கிழங்கு தண்ணீருக்குள் அரைக் கிலோ சொச்சம்தான் காட்டும். அந்தச் சொச்சத்தில்தான் விலை இருக்கிறது. மாவு நிறைந்த கிழங்கு தண்ணீரில் கூடுதலாகக் கனக்கும். நீர் கோத்த கிழங்கு லேசாக நிற்கும். "மழைக்கு அப்புறம் கல்வராயன் மலையிலேருந்து வர்ற கிழங்கைக் கையில தூக்கினாலே சொல்லிடுவேன்" என்றவள், சட்டென்று நிறுத்தினாள்.

புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இதேதானா மாமா இது?"

இதேதான். 11 வருடமாக ஒவ்வொரு நாளும் பல முறை அவள் செய்துவந்தது அந்தச் சூத்திரத்தைத்தான். மனதில் நிற்கவில்லை என்று அவள் சொன்னது கையில் நின்றுகொண்டிருந்தது. பிறகு உணவு அறிவியல் புத்தகத்தை அவளே எடுத்துப் புரட்டினாள். மாவு சூட்டில் கூழாகும் வெப்பநிலை. குலுக்கி உருட்டிய ஈர மாவு, சூடான தட்டில் வறுபடும்போது எந்த நொடியில் வெள்ளை போய்க் கண்ணாடி போலாகும் என்று அவளுக்குத் தெரியும். நார், திப்பி, தெளியவைக்கும் தொட்டி, புளித்தால் வரும் வாடை எல்லாம் தெரியும். அவற்றுக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர்கள்தான் தெரியாது. பெயர் தெரிந்து பொருள் தெரியாமல் தேர்வு எழுதிய எத்தனை பிள்ளைகளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த இரண்டு சொற்களும் எனக்கு விளங்கின. 2013-ல் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தது படி ஓலையை. அதைக் கிழித்தவர்களில் நானும் ஒருவன். மூல ஓலை வேறோர் இடத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், அழியாமல் இருந்தது.

இதை இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காலம் எடுத்துக்கொள்வதும் உண்மை. 21 வயதில் ஒரு முறை படித்தால் நின்றது, 32 வயதில் நான்கு முறை படித்தால்தான் நிற்கிறது. வேலை முடிந்து வந்த உடம்பு புத்தகத்துக்கு முன்னால் சாய்கிறது. ராமானுஜனும் விலை கொடுத்தார். போர்க்கால இங்கிலாந்தில் உணவு கிடைக்காமல், குளிரில் தனியாக இருந்து, நோயாளியாகி 1919-ல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் மறைந்தார். இன்றைக்கு என் அக்கா மகளின் வயது அது.

படி ஓலைகூடக் கையில் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவள் நிறுத்துப் பார்க்கும் கிழங்கு விளைகிற கல்வராயன் மலை, 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சமவெளியில் பள்ளிக்கூடம் வந்து எத்தனையோ காலம் கழித்துத்தான் அந்த மலைக்கு அது ஏறியது. அந்த மண்ணின் மாவைக் கையால் அறிந்த ஒரு பெண் அதைப் பற்றிப் படிக்கக் கடல் கடந்து போகிறாள் என்றால், அவளோடு அந்த மலை மக்களுடைய உழைப்பின் அறிவும் சேர்ந்துதான் போகிறது. பழங்குடிப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. தாமதமாகத் தொடங்க வைக்கப்பட்டவர்களிடம் போய் வயதைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நோக்க அறிக்கை எழுத வேண்டிய நாள் வந்தது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது என்று இரண்டு பக்கத்தில் சொல்ல வேண்டும். அவள் எழுதியிருந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம் என்று ஆரம்பித்து, 2013 வரை வந்து, சில குடும்பச் சூழல் காரணமாக என்று ஒரு வரியில் 11 வருடத்தைத் தாண்டிக் குதித்து, இப்போது மீண்டும் கற்க விரும்புகிறேன் என்று போயிருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர முயன்ற எழுத்து. அதில் அவளைக் காணோம்.

அப்போதுதான் சுந்தரர் கதையைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான். கடைசியில் ஒன்றை மட்டும் நிறுத்திச் சொன்னேன். "ஒண்ணும் தெரியாதுன்னு நின்னவருக்கு என்ன பதில் வந்துச்சு? எதைச் சொல்லிட்டோமேன்னு கூசினாரோ, அந்தச் சொல்லையே எடுத்து முதல்ல வைக்கச் சொன்னாரு. ராமானுஜன் கடிதத்திலயும் முதல் வரி அதுதான். உனக்குக் கூசற வரி எதும்மா?"

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தாளைத் திருப்பி வைத்து எழுதினாள். ஆங்கிலத்தில்தான் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: நான் 11 வருடமாகக் கல்லூரிக்குப் போகவில்லை, ஒவ்வொரு நாள் காலையும் மரவள்ளிக் கிழங்கைத் தண்ணீருக்குள் நிறுத்துப் பார்க்கிறேன்.

விட்ட இடத்தைத் தேடிக்கொண்டு போனால் அது அங்கே இருப்பதில்லை. அந்த வயது இல்லை, அந்த வகுப்பு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் இல்லை. மனிதர் தொடங்க முடிந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று, தான் நிற்கிற இடம். அது ஆலையாக இருக்கலாம், அடுப்படியாக இருக்கலாம், துறைமுகத்துக் கணக்குப் பிரிவாக இருக்கலாம். அந்த இடத்தைப் பற்றி வெட்கப்படுகிறவரை அது வெற்றிடமாகத் தெரியும். பெயர் சொல்லி எழுதிவிட்டால் அதுவே அத்தாட்சி ஆகிவிடும். கல்வி வகுப்பறையில் தொடங்கி வகுப்பறையில் முடிகிற ஒன்றாக இருந்திருந்தால், அதை விட்டவர்கள் எல்லாரும் அதை இழந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கல்வி நம் பாட்டன் காலத்துக்கும் முந்தி எழுதிவைத்த கடன். கல்யாணப் பந்தலிலும் வந்து கையைப் பிடிக்கும், 32 வயதிலும் வந்து கேட்கும். கேட்கும்போது போக வேண்டும்.

விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. என்ன பதில் வந்தாலும், அன்றைக்குத் திண்ணையில் நான் பார்த்ததை அது மாற்றாது. அந்த முதல் வரிக்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை. விளக்கைப் போட்டேன், அவள் கவனிக்கவில்லை. எதிரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 40 நிமிடம் ஓடியிருந்தது. கை வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை.